படத்தின் ஓரத்தில் இருந்தவர்கள்

நாகர்கோவிலில் ஓர் இணையச் செய்தித்தளத்தின் மாடி அறை அலுவலகத்தில் எனக்குப் படம் தேடும் வேலை. எழுதுகிறவர்கள் செய்தியை அனுப்புவார்கள். அதற்கு மேலே வைக்க ஒரு படத்தை ஐந்து நிமிடத்துக்குள் நான் கண்டுபிடிக்க வேண்டும். வெங்காய விலை என்றால் வெங்காய மூட்டை. தேர்வு முடிவு என்றால் துள்ளிக் குதிக்கும் மாணவிகள். படங்களை விற்கும் வெளிநாட்டுத் தளங்களில் எல்லாமே கிடைத்தன. கடல் கொந்தளிப்புக்கு நான் வழக்கமாக வைக்கும் அலை எந்த நாட்டுக் கடலுடையது என்று எனக்கே தெரியாது. கீழே 'கோப்புப் படம்' என்று சின்ன எழுத்தில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. எங்கள் சொந்தக் கடல் பஸ்ஸில் அரைமணி நேரத் தொலைவில்தான் இருந்தது. அங்கே போய் ஒரு படம் எடுத்துவர வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா ஒருவர் உண்டு. சாளையும் நெத்தோலியும் நிறைந்த அலுமினியச் சருவத்தை எங்கள் வாசலில் இறக்கிவைத்துத் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். என் வேலையைப் பற்றி அவருக்கு ஒரு தெளிவு இருந்தது. "நீ கம்ப்யூட்டருல படம் ஒட்டுதவதானே மக்கா" என்பார். அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

ஓர் ஆண்டு புயல் வந்தபோது அக்காவின் கணவர் தங்கல் தொழிலுக்குப் போயிருந்தார். விசைப்படகில் பத்துப் பதினைந்து நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பது அது. காற்று ஒரு பகலில் வாழைத் தோப்புகளையும் ரப்பர் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்துவிட்டுப் போனது. மாவட்டம் முழுக்க மின்சாரம் இல்லை. எங்கள் அலுவலகம் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா தெருவுக்கு வரவில்லை. கடலுக்குப் போனவர்களில் யார் எந்தக் கரையில் ஒதுங்கினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, செய்தி நிறுவனம் ஒன்றிலிருந்து ஒரு படம் வந்தது. வடக்கே மகாராஷ்டிரக் கரையில் ஒரு துறைமுகம். நடுவில் அதிகாரி ஒருவர் ஒரு மீனவரிடம் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கிறார். எங்கள் தளத்துக்கு நடுப்பகுதி போதும். வழக்கம்போல இடது ஓரத்தை வெட்டுவதற்குக் கோட்டை நகர்த்தினேன். ஓரத்தில் ஒரு படகும், அதன்மேல் உட்கார்ந்திருக்கும் நாலு பேரும் இருந்தார்கள். படகின் பக்கவாட்டில், ஏதோ ஒரு பெயரின் கடைசி மூன்று எழுத்துகள். தமிழ் எழுத்துகள்.

என் கை நின்றுவிட்டது. ஆசிரியரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "செய்திய நான் பாத்துக்கிடுதேன். நீ இதக் கொண்டு போ" என்றார்.

அக்காவின் ஊரில் பெண்களெல்லாம் மாதா கோயில் முற்றத்தில் இருந்தார்கள். சிலர் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அமர்ந்து மடிக்கணினியைத் திறந்தேன்.

"அக்கா, ஒரு படம் வந்திருக்கு. உறுதியா ஒண்ணும் தெரியாது. நீங்க பாருங்க."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு திரையருகே குனிந்தார். முகம் தெரிந்த மூன்று பேரையும் கடந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த நாலாவது ஆளின்மேல் விரலை வைத்தார்.

"இது அவியதான்."

"மொகம் தெரியலியே அக்கா."

"மொகம் என்னத்துக்கு மக்கா? வலது தோளு எறங்கி இருக்கு பாரு. கரையில நின்னு அவிய கடலுக்குப் போறதத்தானே இத்தன வருசமாட்டு பாக்கியேன். முதுகுதானே தெரியும்."

நான் படத்தைப் பெரிதாக்கினேன். எனக்கு அது பழுப்பும் கறுப்புமான சின்னச் சின்னக் கட்டங்கள். ஆயிரக்கணக்கான படங்களைக் கையாண்டவள் நான். அந்தக் கட்டங்களில் ஒரு மனிதரை என்னால் காண முடியவில்லை. அக்கா கண்டுவிட்டார்.

மற்ற பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "அந்தக் கைலி நான் எடுத்துக் குடுத்ததாக்கும்" என்றார் ஒரு தாய். வேறொருவர் தன் மகனின் காதை அடையாளம் சொன்னார். கல்யாணமாகிச் சில மாதங்களே ஆன ஒரு பெண் மூலை மூலையாகப் பார்த்தாள். பிறகு திரையின் ஓரத்தைத் தொட்டு என்னிடம் கேட்டாள்: "இதுக்கு அப்புறத்த என்ன இருக்கு?"

அத்தனை வருட வேலையில் எனக்கு வராத கேள்வி அது.

செய்தி நிறுவனத்தைப் பிடித்து, படம் எடுத்தவரின் எண்ணை வாங்கினேன். என் உடைந்த இந்தியிலும் அவருடைய உடைந்த ஆங்கிலத்திலும் பேசினோம். நான் சொல்லி முடித்ததும் தன்னிடம் இருந்த மற்ற படங்களையும் அனுப்பினார். மறுநாள் காலையில் யாரும் சொல்லாமலே திரும்பவும் துறைமுகத்துக்குப் போனார். படகு படகாக ஆட்களை நிறுத்தி, நேர்முகமாக, அவரவர் பெயரெழுதிய அட்டையோடு எடுத்து அனுப்பினார்.

கோயிலை ஒட்டி, ஜெனரேட்டர் ஓடிய பங்குச் சாமியார் அலுவலகத்தில் உட்கார்ந்து மடிக்கணினியில் ஒவ்வொன்றாக இறக்கினேன். மெல்ல மெல்ல, மேலிருந்து கீழாக, முதலில் வானம், பிறகு தலைமுடி, பிறகு நெற்றி என்று அவர்கள் திரையில் வந்தார்கள். அக்காவின் கணவர் மூன்றாவது படத்தில், நேராக என்னைப் பார்த்தபடி நின்றார். அச்சடித்துக் கோயில் சுவரில் ஒட்டினோம். பெண்கள் தாளில் இருந்த கன்னங்களைத் தொட்டார்கள்.

ஓரத்தைத் தொட்டுக் கேட்ட அந்தப் பெண்ணின் கணவர் எதிலும் இல்லை. அவர் போன படகு பிறகும் வரவில்லை. அன்று அவள் சுவரருகே நின்று, வாசிக்கத் தெரியாத முதியவர்களுக்கு அட்டைகளில் இருந்த பெயர்களைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய குரல் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. அவள் முன்னால் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அக்காவின் கணவர் ஊர் திரும்பிய பிறகு இருவரும் எங்கள் அலுவலகப் படியேறி வந்தார்கள். அட்டையோடு நிற்கும் தன் படத்தை அவர் வெகுநேரம் பார்த்தார்.

"மீன் பெட்டி அட்டையக் கிழிச்சு தந்து பேரு எழுதச் சொன்னாரு. அவரு பேசுனது ஒண்ணும் மனசிலாவல்ல. போலீசு காரியம்னு நெனச்சு பயந்துட்டு நின்னோம்."

"அதான் மொகரை இப்பிடி இருக்கா?" என்றார் அக்கா.

முதலில் வந்த அந்தப் படத்தையும் திறந்து, அதில் இருந்தவர்கள் யார் யார் என்று கேட்டேன். அதிகாரியை அவருக்குத் தெரியவில்லை. மற்றவர்களைச் சொன்னார்; பின்னால் நிழலாக மட்டும் தெரிந்தவர்களையும் ஊர் பெயரோடு சொன்னார். நான் தட்டச்சு செய்தேன். ஓரத்தை வெட்டாமல் படத்தைத் தளத்தில் ஏற்றினோம். கீழே பதினோரு பெயர்கள். ஆசிரியர் அதில் ஒன்றையும் நீக்கவில்லை.