பிறேமினி கழுவிய தூபச்சட்டி

பிறேமினியின் கண்ணுக்கு அழுக்கு மட்டும் தப்பாது. மியூசியக் களஞ்சியத்தின் வாசலில் செக்கியூரிட்டியாக இருக்கிற என்னுடைய தேநீர்க் கோப்பையைக்கூட அவ விட்டுவைக்கமாட்டா. "பாலேந்திரா அண்ணை, இதுக்குள்ள கறை பிடிச்சுக் கிடக்கு" என்று பறித்துக்கொண்டுபோய் மினுக்கிக்கொண்டு வருவா. எரிச்சலாக இருக்கும். அந்தக் கோப்பையில் தேநீர் நன்றாக இருக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

டென்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றவ. மகள் கோசிகாவின் படிப்புக்காக லண்டன் இல்ஃபோர்ட்டுக்கு வந்தா. மகள் படித்து, கலியாணம் முடித்து, கனடாவுக்குப் போய்விட்டா. தாய் ஒற்றை அறை ஃபிளாட்டில் தனித்துப்போனா. காட்சிக்கு வைக்காத பழைய சாமான்களை மியூசியம் அடுக்கிவைத்திருக்கிற எங்கள் கட்டடத்தில் தூசி தட்டுகிற வேலை கிடைத்த பிறகுதான் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. "உலகத்துச் சாமியெல்லாம் என்ர கையாலதான் குளிக்குது அண்ணை" என்பா.

மூன்றாம் தட்டில் ஒரு மண்சட்டி இருந்தது. குவாத்தமாலாவில் மாயா மக்கள் தூபம் போட்ட சட்டி. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். எந்த ஊரிலிருந்து என்று எழுதிவைக்க அவருக்கு நேரமில்லை. அது எங்கள் சட்டி என்று ஒரு மலைக்கிராமம் கேட்டது. நிரூபித்தால் தருகிறோம் என்றது மியூசியம்.

மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட வான்மதி என்ற தொல்லியலாளர் அந்தக் கிராமத்தோடு பல வருடமாக வேலை செய்கிறா. தோண்டியதைப் பெட்டியில் போட்டுக்கொண்டு ஓடுகிற ரகமில்லை. எங்கே தோண்டலாம், எதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் ஊர்ச்சபை சொல்லும். சட்டியை நிரூபிக்க வழி சொன்னதும் அந்தச் சபைதான். அவர்களுடைய தூபத்தில் பிசினோடு அந்த மலையில் மட்டும் வளரும் ஒரு மரத்தின் பட்டையும் சேரும். சட்டியின் அடியில் உறைந்திருக்கும் கரியில் அந்தப் பட்டை இருந்தால் சட்டி அவர்களுடையது. ஊரின் சார்பில் தொமாசா என்ற அம்மா வருவா, முதலில் ஒரு பூசை, பிறகு கரியை அவவே சுரண்டி எடுத்து வான்மதியிடம் கொடுப்பா என்று பேசி முடித்திருந்தார்கள்.

மேல்மாடியில் இருக்கிற அதிகாரிகள் எல்லாருக்கும் இது தெரியும். சட்டியைத் துடைக்கிறவவிடம் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. மேற்பார்வையாளர் போகிற போக்கில் சொன்னது இவ்வளவுதான்: சட்டிக்காரர் பூசை செய்ய வருகிறார்கள், ஆயத்தமாக வை.

பூசைக்குத் தூபக்காலை ஆயத்தம் செய்வதென்றால் என்ன என்று எங்கள் பெண்களிடம் கேளுங்கள். பழைய கரியோடு சாமிக்கு முன் வைப்பார்களா? சுடுதண்ணீர், சோப்பு, பிரஷ் எல்லாம் கொண்டு பிறேமினி அடிவரை தேய்த்தா. காயவைத்து வெள்ளைத் துணியின் மேல் வைத்தா. அன்றைக்கு மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் சாப்பிடவில்லை.

தொமாசா குள்ளமான மனுசி. பூவேலை செய்த சட்டைக்கு மேல் யாரோ கொடுத்த பெரிய கோட்டு. சட்டியைக் கண்டதும் குனிந்து உள்ளே மூக்கை வைத்தா. நிமிர்ந்து வான்மதியைப் பார்த்தா. வான்மதியும் எட்டிப் பார்த்தா.

"இதுல இருந்த கரி எங்க?"

"நான்தான் மினுக்கி வச்சனான், பிள்ளை" என்றா பிறேமினி சிரித்துக்கொண்டு. "வடிவா வந்திட்டுது, என்ன?"

வான்மதி கதிரையில் உட்கார்ந்துவிட்டா. கொஞ்சம் கழித்து விஷயத்தைச் சொன்னா. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, மெதுவாகச் சொன்னா.

"தேய்ச்ச துணி இருக்காக்கா? பிரஷ்ஷாவது?"

"துணியைத் தோய்ச்சுப் போட்டன். பிரஷ்ஷையும் கழுவிட்டன்."

வேறு யாராவது என்றால் மூலையில் எறிந்துவிட்டுப் போயிருப்பார்கள். பாழாய்ப்போன சுத்தம்.

தொமாசா ஸ்பானிஷில் ஏதோ கேட்டா. வான்மதி தயங்கினா. "சுடுதண்ணி பட்டப்ப மணந்துச்சான்னு கேட்கிறாங்க."

"ஓம். மணந்தது."

தொமாசா பையிலிருந்து பிசினும் பட்டையும் கலந்த சிறு உருண்டையை எடுத்து, தணலில் காட்டாமல் வெறுங்கையால் நசித்து, பிறேமினியின் மூக்கருகே பிடித்தா. பிறேமினி கண்ணை மூடி மணந்து பார்த்தா. அப்படியே அழத் தொடங்கினா.

"இதுதான். இதே மணம்தான், பிள்ளை."

தொமாசா நம்பினா. அவவுக்கு அது போதும். மியூசியத்துக்குப் போதவில்லை. ஆய்வுகூடம் சட்டியைச் சோதித்துவிட்டுச் சோப்புத்தான் தெரிகிறது என்றது. தூசி தட்டுகிற பெண்ணின் மூக்கைச் சாட்சியாக எடுக்க ஏலாது என்று மேல்மாடி சொல்லிவிட்டது. தொமாசா வெறுங்கையோடு விமானம் ஏறினா. சட்டி மூன்றாம் தட்டுக்குத் திரும்பியது.

பிறேமினியை வேலையால் நிற்பாட்டவில்லை. ஆனால் என் கோப்பையை இப்போது அவ பார்ப்பதில்லை. கறை அப்படியே கிடக்கிறது, எனக்கும் கழுவ மனம் வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை வேலை முடிந்து ஒரே ரெயினில் போனோம். வீட்டில் சாம்பிராணி போட்டுக் கும்பிட்டால் மனம் கொஞ்சம் ஆறும் என்று சொன்னேன்.

"சாம்பிராணி போடுறதை விட்டிட்டன் அண்ணை" என்றா. "வேற மணம் ஏறினா அந்த மணம் மறந்துபோயிடும். அந்த அம்மா திரும்பி வந்து கேட்டா, என்னை விட்டா வேற ஆரிட்ட இருக்கு?"