விரத வீட்டில் முட்டை நாற்றம்

ஒரு கிழமையாக எங்கள் கிளிநொச்சி வீட்டில் அழுகிய முட்டை நாற்றம். விரத காலம் வேறு. ஆகவே ஈரேழு உலகத்துக்கும் நானே குற்றவாளி.

“ஒளிச்சு முட்டை அவிச்சனீங்களோ?” என்று மனைவி தினமும் விசாரணை.

இன்று, வேலை செய்யாமல் போன அறைச் சுவிட்சைத் திருத்த வந்து கழற்றிய வயரிங்காரர், கரியாகிப்போன செப்புக் கம்பியைக் காட்டினார்.

“அண்ணை, இது நீங்கள் புதுசா அடிச்ச வெளிநாட்டு ஜிப்சம் போர்ட் பலகைச் சுவரின்ர வேலை. அதில இருந்து கந்தக வாயு வருது, முட்டை மணமும் அதுதான். பிள்ளையை இதுக்குள்ள படுக்க விடாதேங்கோ.”

அந்த அறையில்தான் பேத்தி ஒரு கிழமையாக இருமுகிறாள்! கட்டிலோடு தூக்கி விறாந்தைக்கு ஓடினேன்.

அந்தப் பலகையை விற்ற கடைக்காரருக்கு போன் எடுத்தேன்.

“யன்னலைத் திறந்து விடுங்கோ ஐயா, மணம் போயிடும்.”

அந்த அறையில் ஓரிரவு படுத்தெழும்ப அவரைச் சகல மரியாதையுடனும் அழைத்திருக்கிறேன். விரதச் சாப்பாடும் உண்டு.

வருவாரென்று நினைக்கிறீர்களா?