மதகு அவுட்

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் ஏரியில் தண்ணீர் இருந்ததில்லை. ஆம்பூருக்கும் ஆலங்காயத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில், பிள்ளைகளுக்கு ஏரி என்றால் கிரிக்கெட் ஆடும் இடம், அவ்வளவுதான். ஏரிக்குள் கரையை ஒட்டி இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றின் நடுவே துருப்பிடித்த ஓர் இரும்புக் கம்பி. கடவுளே பார்த்து நட்டுவைத்த மூன்று ஸ்டம்புகள். பெரியவர்கள் அதை மதகு என்றார்கள், நாங்களும் அப்படியே சொன்னோம். "மதகுல யாரு?" என்றால் யார் பேட்டிங் என்று அர்த்தம். பந்து அதில் பட்டால் "மதகு!" என்று கத்துவோம், ஆள் அவுட்.

ஷூ கம்பெனியிலிருந்து அப்பா கொண்டுவரும் துண்டுத் தோலை அம்மா ரப்பர் பந்தின் மேல் இழுத்துத் தைத்துக் கொடுப்பாள். பந்து என்னுடையது என்பதால் முதல் ஓவரும் என்னுடையது. பெண்பிள்ளை பந்து போடுவதா என்று ஒருவனும் வாய் திறக்க முடியாது.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பியது. ஊரே கரைமேல் நின்று சிரித்தது. தூண்களின் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது.

அப்பாவின் அக்காவுக்குக் கரைக்கு அந்தப் பக்கம் நிலம். கிணறு வற்றியதிலிருந்து தரிசு. ப்ளாட் போட்டு விற்க மாமா ஆள் பேசி வைத்திருந்தார். "இந்த ஒரு போகம் பாக்கறேன். வெளையலன்னா குடுத்துடலாம்" என்று அத்தை சொல்லிவிட்டாள்.

எனக்கு என் கவலை. தண்ணீர் எப்போது போகும் என்று மாமாவைக் கேட்டேன்.

"மதகத் தொறந்தா போய்டும்" என்றார்.

இரண்டு கல்லை எப்படித் திறப்பது?

"அந்தக் கம்பியத் தூக்கினா அடியில மூடி தூக்கிக்கும். தண்ணி கரைக்கு அடியிலயே நம்ம நெலத்துக்கு வந்துடும்."

எங்கள் ஸ்டம்புக்கு இப்படியொரு வேலை இருப்பது அன்றுதான் தெரிந்தது. அதன்பின் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அத்தை வீட்டுக்கு ஓடுவேன். "அத்தே, மதகு எப்போ தொறப்பாங்க?"

அத்தை உருகிப்போனாள். "நான் பெத்ததுக்கு இல்லாத அக்கற என் தம்பி பொண்ணுக்கு இருக்குது பாரு" என்று ஊரெல்லாம் சொன்னாள்.

மதகு திறந்த அன்று கரையில் கற்பூரம் ஏற்றினார்கள். அத்தை கூட்டத்தை விலக்கி என்னை முன்னால் நிறுத்தி, தண்ணீரில் பூப்போட வைத்தாள். இரண்டு பேர் நீந்திப்போய்த் தூண்மேல் ஏறிக் கம்பியைத் தூக்கினார்கள். ஏரி சீக்கிரம் காலியாக வேண்டும் என்று நான் மனமார வேண்டிக்கொண்டேன். பக்கத்தில் அத்தையும் கண்ணை மூடியிருந்தாள். அறுப்பு வரைக்கும் தண்ணீர் நிற்க வேண்டும் என்று அவள் கேட்டிருப்பாள். சாமி பாடு திண்டாட்டம்தான்.

ஆனாலும் சாமி சமாளித்துவிட்டது. நெல் முற்றும்வரை தண்ணீர் தாக்குப்பிடித்தது. அறுத்த நெல் அத்தை வீட்டுக் கூடத்தில் மூட்டையாக நின்றது. மாமா அதன்பின் ப்ளாட் பேச்சை எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் தூண்கள் அடிவரை வெளியே வந்தன. சேறு காய்ந்ததும் நாங்கள் இறங்கிவிட்டோம்.

முதல் ஆட்டத்தன்று அத்தை புதுநெல் அரிசியில் பொங்கலோடு வந்தாள். தூண்களைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, விழுந்து கும்பிட்டாள். ஆட்டம் பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று எனக்கு ஒரே பெருமை. மதகில் அவள் மகன் நின்றான். ஓடிவந்து போட்டேன். பந்து நேராகப் போய்க் குங்குமப் பொட்டின் மேலேயே பட்டது.

"மதகு!" என்று எல்லோரும் கத்தினோம்.

அத்தை பதறிப்போய், தூணைப் பார்த்து இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். மகன் முதல் பந்திலேயே அவுட்டானால் எந்தத் தாய்க்குத்தான் தாங்கும்? எனக்கே பாவமாக இருந்தது.

"அழுவாத அத்தே," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அடுத்த ஆட்டத்துல அவனையே மொதல்ல நிக்க வெக்கறேன்."