ஊதா யானை போன வீடு

என் ஏழாவது பிறந்தநாளுக்கு நான் அழைத்திருந்த பதினான்கு பேரும் தலை வாரி, பவுடர் பூசி, கையில் பரிசுப் பொட்டலத்தோடு சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒருவரும் வரவில்லை. தப்பு என்னுடையதுதான். ஆனால் அன்றைக்கு நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை, அதற்குப் பிறகும் பல வருடங்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

மூன்று வாரம் முன்புதான் நாங்கள் குவார்ட்டர்ஸ் மாறியிருந்தோம். அப்பா சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் வேலை பார்த்தார். பெரிய குவார்ட்டர்ஸுக்கு எழுதிப்போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் வேறொரு பிளாக்கில் கிடைத்தது. பழைய வீட்டுக்கும் புது வீட்டுக்கும் ஒரே ஓர் அறைதான் வித்தியாசம். மற்றபடி அதே கதவு, அதே ஜன்னல், அதே இடத்தில் அதே தண்ணீர்க் குழாய். அம்மாவுக்கு அந்த ஓர் அறை அரண்மனையாக இருந்தது. கத்திரிக்காய் வாங்கப் போன இடத்தில்கூட அந்த அறையில் வெயில் எப்படி வருகிறது என்று சொல்லிவிட்டுத்தான் விலை கேட்பாள்.

அந்த வருடம் டிவியில் மாலை வேளையில் ஊதா நிற யானைக்குட்டி ஒன்று வரும். அதற்கு எல்லாம் மறந்துபோகும். குடையை எடுத்துக்கொண்டு எங்கேயோ கிளம்பும், எங்கே கிளம்பினோம் என்பதை மறந்து யாருக்காவது உதவி செய்துவிட்டுத் திரும்பிவரும். என் வகுப்பில் ஒருத்தி தன் பிறந்தநாளுக்கு வீடு முழுக்கக் கார்ட்டூன் பொம்மைகளை ஒட்டி எங்களையெல்லாம் வாயைப் பிளக்க வைத்திருந்தாள். எனக்கு ஊதா யானைப் பிறந்தநாள்தான் வேண்டும் என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தேன். கேக் வெட்டினால் போதாதா என்றார் அப்பா. ஆச்சரியமாக, அம்மா என் பக்கம் சாய்ந்தாள். பதினான்கு பிள்ளைகள் வந்தால், விட்டுப்போகவும் கூட்டிப்போகவும் பதினான்கு அம்மாக்கள் வருவார்கள், அறையைப் பார்ப்பார்கள் என்று அவள் கணக்குப் போட்டிருந்தது எனக்கெங்கே தெரியும்.

ஏற்பாடுகள் எல்லாம் மாமாவின் தலையில் விழுந்தன. அம்மாவின் தம்பி. முத்தாண்டிக்குப்பத்திலிருந்து மொபெட்டில் வந்து சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை செய்துவந்தார். அந்த வேலை பெர்மனன்ட் ஆகும் ஆகும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆகும்வரை எங்கள் வீட்டு வேலைகளில் அவர் பெர்மனன்ட். பழைய படுக்கைவிரிப்புக்கு ஊதாச் சாயம் போட்டு யானை உடம்பு தைத்தார். அப்பாவின் கிழிந்த பேன்ட்டில் ஒரு காலை வெட்டிப் பஞ்சடைத்துத் தும்பிக்கை செய்தார். சார்ட் அட்டையில் பதினைந்து ஜோடி யானைக் காதுகளை வெட்டி, தலையில் மாட்டிக்கொள்ள எலாஸ்டிக் வைத்தார். ஒவ்வோர் அழைப்பிதழோடும் ஒரு ஜோடிக் காது போக வேண்டும், வருகிறவர்கள் அதை மாட்டிக்கொண்டுதான் வர வேண்டும் என்பது என் உத்தரவு.

அழைப்பிதழை நானே எழுதுவேன் என்று யாரையும் கிட்ட விடவில்லை. ஒரு பக்கம் யானை, மறுபக்கம் நேரமும் முகவரியும். காணாமல் போனால் சொல்ல வேண்டும் என்று பிளாக், ரோடு, வீட்டு நம்பர் எல்லாவற்றையும் ஒன்றாம் வகுப்பில் என்னை மனப்பாடம் செய்ய வைத்திருந்தார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதைத்தான் பதினான்கு முறை, அடித்தல் திருத்தல் இல்லாமல், குண்டுகுண்டாக எழுதினேன். அம்மா வாங்கிப் பார்த்தாள். யார் பெயராவது விட்டுப்போயிற்றா என்று மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு, யானை அழகாக இருக்கிறது என்றாள்.

பிறந்தநாள் அன்று ஐந்து மணிக்கெல்லாம் நாங்கள் தயார். கடைத்தெரு பேக்கரியில் ஊதா யானை என்று சொல்லி வாங்கிவந்த கேக், கத்திரிக்காய்க்குக் காது முளைத்த மாதிரி இருந்தது. நான் அழத் தயாரானேன். வெட்டின பிறகு எல்லாம் ஒன்றுதான் என்று அப்பா சமாதானம் சொன்னார். அந்தப் புது அறை முழுக்கப் பலூன். அதன் நடுவில் யானைக்குள் மாமா. முதுகுப் பக்கம் பிரிந்துவிடாமல் இருக்க, அவர் உள்ளே நுழைந்த பிறகு அம்மா ஊசியால் தைத்து மூடியிருந்தாள். பிள்ளைகள் வந்து உட்கார்ந்த பிறகுதான் யானை வெளியே வர வேண்டும் என்று ஏற்பாடு.

ஐந்தேகால். ஐந்தரை. அம்மா கேட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தாள். உள்ளேயிருந்து யானை குரல் கொடுத்தது.

"யக்கா, எம்மா நேரம் நின்னுகினு இருக்கறது? உள்ள வெந்துட்டேன்."

"சும்மா இரு. வர்ற நேரத்துல நீ வேற."

யாருக்கும் என்னைப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்துவிட்டேன். காதுகளை வாங்கும்போது ஒருத்தி சிரித்தது, இன்னொருத்தி பையில் மடித்துச் செருகியது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. ஏழு வயதில் வருகிற அவமானம் பெரியவர்களின் அவமானத்தைவிட ஒன்றும் சின்னதில்லை. மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

அப்பாதான் அலமாரியில் மீதியிருந்த அழைப்பிதழை எடுத்தார். நான் ஒத்திகைக்கு எழுதிப் பார்த்தது. யானையைப் பார்த்தார், திருப்பினார், படித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். அம்மா பிடுங்கிப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பழைய வூட்டு அட்ரஸைப் போட்டு வச்சிருக்குது உம் பொண்ணு" என்றாள் அப்பாவிடம். தப்பு செய்தால் நான் எப்போதும் அப்பாவின் பெண்தான்.

பழைய வீட்டுக்கு ஓர் ஆன்ட்டியும் நாலு வயசுப் பெண்ணும் குடிவந்திருந்தார்கள். சாவியைக் கொடுக்கும்போது அவர்களைப் பார்த்திருக்கிறேன். மேல்பட்டாம்பாக்கம் பக்கம் ஏதோ ஊர்க்காரர்கள். ஆன்ட்டி தானே கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போவார். அவரைப் பற்றி அம்மாவும் அப்பாவும் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். எட்டு மாசந்தான் ஆகிறது என்பார்கள், நான் வந்தால் நிறுத்திக்கொள்வார்கள். வீடு கிடைக்க அவர் எட்டு மாதம்தான் காத்திருந்தார் போலிருக்கிறது, அப்பா மட்டும் வருடக்கணக்கில் காத்திருந்தாரே என்று எனக்கு ஏற்கெனவே அவர்மேல் ஒரு கடுப்பு. அந்த வீட்டுக் கொல்லையிலிருந்த என் கொய்யா மரத்தையும் எடுத்துக்கொண்டவர் அவர்.

ஸ்கூட்டரில் அப்பா, நடுவில் நான், பின்னால் மடியில் கேக்கோடு அம்மா. தையலைப் பிரிக்க நேரமில்லாததால் மாமா யானையாகவே மொபெட்டில் பின்தொடர்ந்தார். ஜெனரல் ஷிஃப்ட் முடிந்து பஸ்கள் வரிசையாக வந்துகொண்டிருந்த நேரம். ஜன்னல்தோறும் தலைகள் எட்டிப் பார்த்தன. யானைக்கு எந்த ஷிஃப்ட்டு என்று ஒருவர் கேட்டார்.

"நைட்டு ஷிஃப்ட்டுங்க" என்றது யானை, தும்பிக்கையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு.

பழைய வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. கூடத்தில், நாங்கள் சாப்பிட்டுவந்த அதே இடத்தில், பதின்மூன்று ஊதாக் காதுக்காரர்களும் காதில்லாத ஒருவரும் வட்டமாக உட்கார்ந்து சர்க்கரை தூவிய குட்டித் தோசை தின்றுகொண்டிருந்தார்கள். மறுநாளைக்கு ஆட்டிவைத்த மாவாக இருக்க வேண்டும். நடுவில் அந்த நாலு வயசுப் பெண், யாரோ கழற்றிக் கொடுத்த காதுகளை மாட்டிக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றிலும் என் பரிசுப் பொட்டலங்கள். பிறந்தநாள் பாப்பாவிடம் கொடு என்று அம்மாக்கள் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த வீட்டில் இருந்த ஒரே பாப்பா அவள்தான். வாழ்த்துப் பாட்டைக்கூட அவளுக்கே பாடி முடித்துவிட்டார்கள். பிறந்தநாள் பெண் எங்கே என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. தோசை அவ்வளவு ருசி போல.

ஆன்ட்டி கரண்டியும் கையுமாகச் சமையலறையிலிருந்து ஓடிவந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"மன்னிச்சிக்கங்கக்கா. மொதல்ல வந்த அம்மா இதான பர்த்டே வூடுன்னு கேட்டாங்க. நான் வர்றதுக்குள்ள இவ ஆமான்னு சொல்லி உள்ள கூட்டியாந்துட்டா. பக்கத்து வூட்டு அண்ணன் உங்க வூட்டுக்கு வந்து சொல்றேன்னுதான் சொன்னாரு. நான்தான்…" கொஞ்சம் நிறுத்தினார். "இன்னும் ஒரு அரமணி நேரம் கழிச்சி சொல்லலாங்கண்ணேன்னு கேட்டுக்கினேன். இவ சிரிச்சிகினு இருந்தா."

எனக்குக் காதில் புகை வந்தது. தெரிந்தே அரை மணி நேரம். நான் அங்கே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அதே அரை மணி நேரம். அம்மா இப்போது ஒரு பிடி பிடிக்கப்போகிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அம்மாவோ ஆன்ட்டியின் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு, தோசை கருகுதும்மா என்று உள்ளே போனாள்.

அதற்குள் யானை வாசலில் வந்து நின்றுவிட்டது. பிறகு நடந்த கூச்சலை எழுத முடியாது. பதினான்கு பேரும் தும்பிக்கையைப் பிடித்துத் தொங்கியதில் பேன்ட் கால் முகத்திலிருந்து பாதி பிய்ந்துவிட்டது. அந்தச் சின்னப் பெண் முதலில் கொய்யா மரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்தாள். பிறகு ஒரு தோசையைக் கொண்டுவந்து யானையின் வயிற்றில் ஒட்டினாள்.

கேக்கை அங்கேயே வெட்டிவிடலாம் என்று அம்மா சொன்னபோது என்னால் நம்ப முடியவில்லை. அறை? பலூன்? அறையைக் காட்ட மூன்று வாரமாகத் தவித்தவள் அவள். நான் விசும்பிக்கொண்டே வெட்டினேன். ஆன்ட்டி மட்டும் கூடத்துக்கு வராமல் சமையலறை வாசலோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார். செய்த தப்புக்கு வெட்கப்பட்டு நிற்கிறார், நிற்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"நீ வந்து மொத துண்ட ஊட்டும்மா" என்றாள் அம்மா அவரிடம்.

"ஐயோ, நான் வாணாங்கக்கா. நீங்க ஊட்டுங்க."

"உன் வூடு. நீதான் ஊட்டணும். வா."

அவர் தயங்கித் தயங்கி வந்தார். கையைப் புடவையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டார். கேக் துண்டோடு அந்தக் கை என் வாய்க்கு நேரே வந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கை அப்படியே நின்றது. அம்மாவின் பார்வை என் கன்னத்தில் சுட்டது, நான் அசையவில்லை. "பரவால்லக்கா, கொழந்தைதான" என்று அவர் முனகியது கேட்டது. அப்போது எங்கள் இருவருக்கும் நடுவில் பாதி பிய்ந்த தும்பிக்கை ஒன்று நுழைந்தது.

"யானைக்குக் காலையிலேர்ந்து யாரும் சோறு போடலிங்க. அத இங்க குடுங்க."

மாமா தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு வாயைத் திறந்தார். ஆன்ட்டி ஊட்டினார். யானை தின்றால் பிள்ளைகள் விடுவார்களா? பதினான்கு பேரும் வாயைப் பிளந்துகொண்டு அவர் முன்னால் வரிசையில் நின்றார்கள், பதினைந்தாவதாக அவர் பெண்ணும். ஒவ்வொருவருக்காக ஊட்ட ஊட்ட ஆன்ட்டி சிரிக்க ஆரம்பித்தார். கத்திரிக்காய் கேக் கண்ணெதிரே குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் நானும் போய் வரிசையில் நின்றேன். எனக்கு ஊட்டும்போது, நல்லாரு பாப்பா என்றார்.

நான் மனம் மாறிப் போய் நின்றதாக அம்மா இன்றைக்கும் பெருமையாகச் சொல்வாள். கேக் தீர்ந்துவிடும் என்ற பயத்தில் போய் நின்றேன் என்று நான் அவளிடம் சொன்னதில்லை. பரிசுகளில் பாதியை அந்த வீட்டிலேயே விட்டுவந்ததற்காக அவளிடம் ஒரு வாரம் பேசவில்லை. முதல் துண்டைத் தின்ற மாமாவோடு அதைவிட அதிக நாள் பேசவில்லை. அந்த எட்டு மாதம் எதன் கணக்கு என்று எனக்குப் பன்னிரண்டு, பதிமூன்று வயதில்தான் தெரிந்தது. கணவர் உடம்புக்கு முடியாமல் இறந்து, அவருடைய வேலை ஆன்ட்டிக்குக் கிடைத்து, எட்டு மாதம். நல்ல காரியத்தில் முன்னால் வந்து நிற்கக் கூடாது என்று யாரும் சொல்லாமலே அவர் சமையலறை வாசலில் நின்றிருக்கிறார்.

போன மாதம் என் மகளின் பிறந்தநாள். போனில் ஆர்டர் செய்தால் கார்ட்டூன், பலூன், முகமூடி எல்லாம் பெட்டியில் வந்து இறங்குகிறது. முகவரியை மூன்று முறை சரிபார்த்தேன். கேக் வெட்டும்போது நரைத்த தலையோடு மாமா வந்து நின்றார். அன்றைக்கு ஏன் தும்பிக்கையை நடுவில் நீட்டினீர்கள் என்று கேட்டேன்.

"எனக்குப் பசிச்சிது பாப்பா" என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

நான் முகத்தைத் திருப்பிய பிறகும் ஆன்ட்டியின் அந்தக் கை உடனே இறங்காமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. நான் மனம் மாறுவேன் என்று காத்திருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். மறுக்கப்பட்ட கையை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியாமல்தான் நின்றிருக்கிறார்.