நாற்பத்தோராவது பிள்ளை

எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் கொளஞ்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதற்கு மேல் ஓர் எழுத்து தெரியாது. ஆனால் மனு எழுதச் சொல்லி அவர் படுத்திய பாட்டில் என் கைதான் தேய்ந்தது. செட்டிகுளத்துக்குத் தெற்கே, வெங்காயக் காட்டுக்கு நடுவே இருந்த அந்த யூனியன் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புக்கும் நான் ஒருவன்தான் வாத்தியார். எனக்குக் காய்ச்சல் என்றால் பள்ளிக்கூடத்துக்கே காய்ச்சல். இன்னொரு வாத்தியாரைக் கொண்டுவருவேன் என்பதுதான் 1986 தேர்தலில் கொளஞ்சி சொன்ன ஒரே வாக்குறுதி. கூலிக்காரர் தெரு மொத்தமும் அவருக்கு ஓட்டுப் போட்டது. தோற்றவர் வைத்திலிங்கம். பாதி வெங்காயக் காடு அவருடையது.

ஜெயித்த கையோடு கொளஞ்சி ஒரு கூத்து அடித்தார். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும், இரண்டாவது வாத்தியாருக்கு வேண்டிய நாற்பத்தொரு தலை குறையக் கூடாதென்று மாமனார் ஊரான சிறுவாச்சூரிலிருந்து ஏழு பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி வந்து வகுப்பில் உட்கார வைத்துவிட்டார். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த வெட்கத்தில் எனக்கும் பங்கு உண்டு. வந்த இன்ஸ்பெக்டரோ பழம் தின்று கொட்டை போட்டவர். பாடத்தில் ஒரு கேள்வி கேட்கவில்லை.

"உங்க ஊரு சாமி பேரு என்ன?" என்றார்.

எங்கள் பிள்ளைகள் "செல்லியம்மன்" என்றார்கள். ஏழு பேர் மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டே "மதுரகாளி" என்றார்கள்.

"தையில இன்னொரு தடவ வருவேன். நாப்பத்தொரு தலைய என் கண்ணால எண்ணணும். ஒண்ணு கொறஞ்சாலும் அந்த வாத்தியார் இடம் வேற ஊருக்குப் போயிடும்" என்று சொல்லிப் போய்விட்டார்.

தை என்றால் எங்கள் பக்கம் வெங்காயம் பிடுங்கும் காலம். பிடுங்கியதைத் தாள் அறுத்து ஆய்வது சின்னக் கைகளின் வேலை. சொல்லிவைத்ததுபோல், இன்ஸ்பெக்டர் வரும் அன்றைக்கே வைத்திலிங்கம் தன் காட்டில் ஆள் விட்டார். பிள்ளையையும் கூட்டி வந்தால்தான் ஆத்தாளுக்கு வேலை என்றும் சொல்லியனுப்பினார்.

விடிந்ததும் கொளஞ்சி அந்தக் காட்டில் நின்றார். பின்னாலேயே நானும் போனேன். ஒவ்வொரு பிள்ளையாகக் கிளப்பிக்கொண்டே வந்தவர், கூலிக்கு வந்திருந்த இருசம்மாளின் மகள் கையிலிருந்த அரிவாளைப் பிடுங்கி வரப்பில் எறிந்தார்.

"பெத்த புள்ளைய வெங்காயம் ஆய வுட்டுருக்கியே, வெக்கமா இல்ல உனக்கு?"

இருசம்மாள் மகளை எழுப்பி அனுப்பினாள். ஆனால் அவள் பார்த்த பார்வை எனக்குச் சரியாகப் படவில்லை.

"பிரசிடெண்டு ஐயா, நாளைக்கு இவங்களுக்கு வேல நீங்க குடுப்பீங்களா?" என்று வைத்திலிங்கம் வரப்பில் நின்று சிரித்தார். கொளஞ்சி திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

பதினொரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். பிள்ளைகளை வேப்பமரத்தடியில் வரிசையாக நிறுத்தி, தலைதலையாய்த் தொட்டு எண்ணினார். நாற்பது. மறுபடியும் எண்ணினார். நாற்பதுதான்.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பொடியனைக் கொளஞ்சி தூக்கி வந்து நிறுத்தினார். அப்போதெல்லாம் வயதுக்குச் சான்று காதுதான். வலக்கையைத் தலைக்கு மேலே வளைத்து இடக்காதைத் தொட்டுவிட்டால் ஒன்றாம் வகுப்பு. பொடியன் முக்கிப் பார்த்தான். விரல் உச்சந்தலையைத் தாண்டவில்லை.

"பன்னண்டரை பஸ்ஸுக்கு நான் போவணும்" என்று இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

"சார், ஒரு அரை மணி குடுங்க சார். கால்ல வேணா வுழுறேன்."

"அவரு கால்ல எதுக்குத் தம்பி வுழுற?"

இருசம்மாள்தான். காட்டிலிருந்து அப்படியே வந்திருந்தாள். கையெல்லாம் வெங்காயச் சருகு. "பள்ளிக்கொடத்துக்கு வராத புள்ள ஊர்ல இன்னும் ஒண்ணு இருக்கு. உன் வூட்டுலதான் இருக்கு."

கொளஞ்சிக்கு வேம்பு என்று ஒரு மகள், பதினொரு வயது. அவர் மனுவும் கையுமாக அலைவார், மனைவி ரெங்கம்மாள் கூலிக்குப் போவாள், கைப்பிள்ளைக்கு வீட்டில் ஆள் வேண்டுமே. ஒரு தம்பி இறங்கினால் அடுத்தது வேம்புவின் இடுப்பில் ஏறிவிடும். அந்த வாசலில் உட்கார்ந்து அவள் போட்டுத் தந்த டீயைக் குடித்துக்கொண்டுதான் மனுவெல்லாம் எழுதினேன். ஒரு நாளாவது அவளைப் பற்றிக் கேட்டேனா? ஊருக்குத்தான் உபதேசம், எங்கள் இருவருக்கும்.

கொளஞ்சியின் முகம் கறுத்துவிட்டது. இருசம்மாளை அடிக்கப் போகிறார் என்று பயந்தேன். அவர் விடுவிடுவென்று வீட்டுப் பக்கம் நடந்தார். திரும்பி வந்தபோது பின்னால் வேம்பு வந்தாள், இடுப்பில் தம்பியோடு.

"காதத் தொடும்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் கை காதைத் தாண்டித் தாடையைத் தொட்டது. அவர் பேனாவைத் திறந்தார். "ஒண்ணாம் வகுப்பு. நாப்பத்தொண்ணு."

வேம்பு உட்காரவில்லை. அப்பா முகத்தைப் பார்த்தாள்.

"இன்னைக்கு மட்டுமாப்பா? நாளைக்கும் வரலாமா?"

ஒரே ஒரு நாள் உட்கார்ந்துவிட்டுப் போன சிறுவாச்சூர்ப் பிள்ளைகளுக்கு அன்று பொங்கிப் போட்டவள் அவள்தானே, வேறு எப்படிக் கேட்பாள்? எனக்குக் கண் கலங்கியது, மறைக்கத் தோன்றவில்லை. கொளஞ்சி கையை நீட்டி அவள் இடுப்பிலிருந்த பிள்ளையை வாங்கிக்கொண்டார்.

இருசம்மாளுக்கு அந்த வெங்காயக் காலம் முழுக்க வைத்திலிங்கம் வேலை தரவில்லை. இரண்டாவது வாத்தியார் ஜூனில் வந்தார். அதுவரை கொளஞ்சி யூனியன் ஆபீசுக்கு நடந்த நடைக்குக் கணக்கில்லை. ஒவ்வொரு நடையும் இடுப்பில் பிள்ளையோடுதான். ஆபீசில் சிரித்தார்கள்.

"வேம்பு பள்ளிக்கொடம் போயிருக்கா சார்" என்று சொல்லிவிட்டு, பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு மனுவை நீட்டுவார்.