இடது பக்கத்துப் பழுது

மூன்று நாள் அந்த ஆம்பிளிஃபயரோடு மல்லுக்கட்டினேன். இன்சீனில் டீக்கடை வைத்திருக்கும் ஒருவர் அதை ரயிலிலும் பஸ்ஸிலும் மடியில் சுமந்து வந்து, தாகேதாவில் என் வீட்டு முன்னறையில் இறக்கிவிட்டுப் போயிருந்தார். ஒலியைக் கூட்டும்போது கரகரவென்று சத்தம் வருகிறது, அவ்வளவுதான் அவருடைய புகார். அதைத் துடைத்துச் சரிசெய்யப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வினை அதற்குப் பிறகுதான் பிடித்தது. ஹெட்போனை மாட்டிக் கேட்டால் இடது பக்கம் மெலிந்து கிடந்தது. கடைக்காரர் சொல்லாத பழுதையும் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை வேறு.

என்னிடம் வருகிற எந்தப் பெட்டிக்கும் ஒரே பரீட்சைதான்: ஒரு ப்ளூஸ் ஆல்பம். அட்டையில் ஒருவர் மர நாற்காலியில் உட்கார்ந்து தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருப்பார். முதல் பாட்டில் கிட்டார் இடது பக்கம், மவுத் ஆர்கன் வலது பக்கம், குரல் நடுவில். இந்தப் பாட்டை வைத்துத்தான் இத்தனை வருடமும் ஊரார் பெட்டிகளுக்கு சர்டிபிகேட் கொடுத்து வந்தேன். மீட்டர் பொய் சொல்லும், என் காது சொல்லாது என்று வருகிறவர்களிடம் பீற்றிக்கொள்வேன். அவர்களும் "சயா, சயா" என்று என் தலையில் ஐஸ் வைப்பார்கள். இந்தப் பர்மிய ஊரில் வாத்தியாரும் சயா, வைத்தியரும் சயா, ஸ்பீக்கர் ஒட்டுகிற நானும் சயா.

கிட்டார் அடுத்த வீட்டில் யாரோ வாசிப்பதுபோல் இருந்தது. இடது பக்கத்துக் கண்டென்சர்களை மாற்றினேன். டிரான்சிஸ்டரை மாற்றினேன். கம்பிகளைக் கழற்றி மறுபடி பற்றவைத்தேன். இதற்கு நடுவே மின்சாரம் வேறு. நாலு மணி நேரம் வரும், எட்டு மணி நேரம் போகும். அதுவும் சொன்ன வேளைக்கு வராது. தெருவில் பிள்ளைகள் "மீ லா பீ!" என்று கத்தினால் மின்சாரம் வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடி வருவேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் எரிச்சலில் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் எறிந்தேன். மறுபடி எடுத்து மாட்டியபோது பக்கம் மாறிவிட்டது. கிட்டார் வலது காதில் கணீரென்று கேட்டது. இப்போது மவுத் ஆர்கனைக் காணவில்லை. திருப்பி மாட்டினேன். மவுத் ஆர்கன் வந்தது, கிட்டார் போனது. ஏழெட்டுத் தடவையாவது மாற்றி மாற்றி மாட்டியிருப்பேன். பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. எந்தக் கத்துக்குட்டி மெக்கானிக்கும் முதல் நிமிடத்தில் செய்துபார்க்கிற காரியம் இது. காதின் மேல் இருந்த கர்வத்தில் மூன்று நாள் நான் அதைச் செய்யவே இல்லை.

பயந்துவிட்டேன். இடது சுவரோரம் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த என் தங்கை ஏதோ கேட்டாள். வாய் அசைந்ததைத்தான் பார்த்தேன். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இருவருமே கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. அப்பா, அம்மா போன பிறகு முன்னறையை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம்: வலது பாதியில் என் மேஜை, இடது பாதியில் அவளுடைய மெஷின். அவளுடையது காலால் மிதிக்கிற மெஷின். மின்சாரம் போனால் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருப்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் இளக்காரம் உண்டு.

அவளிடம் சொல்லாமல் டவுனுக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். நரம்பு, என்றார். இடது பக்கம் திரும்பி வராது. வலது பக்கமும் ஆரம்பித்திருக்கிறது. மேல் ஸ்தாயிச் சத்தங்கள் முதலில் போகும், மற்றவை பின்னால் போகும். எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது. காதில் மெஷின் வைத்துக்கொண்டால் பேச்சு கேட்கும். பாட்டு கேட்குமா என்றேன். "பாட்டு மாதிரி கேட்கும்," என்றார் அந்த மனிதர். நல்லவர்தான், ஆனால் அன்றைக்கு அவரை அடிக்கலாம்போல் இருந்தது.

காது கேட்காத சயாவிடம் யார் ஆம்பிளிஃபயர் கொண்டுவருவார்கள்? அதனால் வாயைத் திறக்கவில்லை. வலது காது இருக்கும்போதே என்னிடம் உள்ள எல்லா ஆல்பத்தையும் ஒருமுறை முழுசாகக் கேட்டுவிட வேண்டும் என்று மட்டும் முடிவு கட்டினேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு ராக் ஆல்பத்தைப் போடுவேன். இரண்டாம் பாட்டிலேயே, ஐயோ அந்த ஜாஸ் ஆல்பம் பாக்கி இருக்கிறதே என்று மனம் தாவும். அதைப் போட்டால் சிம்பலின் மேல் பிரஷ் உரசுகிற சத்தம் இல்லை. டிரம்மர் வெறும் கையை ஆட்டிக்கொண்டிருக்கிறார். தலையைச் சாய்த்து, வலது காதை ஸ்பீக்கரோடு ஒட்டி, மறுபடி ஓட்டிப் பார்ப்பேன். அதற்குள் மின்சாரம் போய்விடும். அடுத்த எட்டு மணி நேரம் கூட்டில் அடைத்த கோழிபோல் அறைக்கும் வாசலுக்கும் நடப்பேன்.

என்னிடம் இருப்பவை பெரும்பாலும் கேசட்டுகள். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். கப்பல்காரர்கள் கொண்டுவந்து விற்ற ரெக்கார்டுகளிலிருந்து கேசட்டில் பதிந்து கொடுக்க ஒரு கடை இருந்தது. அந்தக் கடைக்காரருக்கு ஒரு கணக்கு: ஒரு கேசட்டில் இரண்டு ஆல்பம், பக்கத்துக்கு ஒன்று. பக்கம் முப்பது நிமிடம்தான் ஓடும், ஆல்பம் நாற்பது நிமிடம் இருக்கும். மீதியைப் பற்றி அவர் கவலைப்பட்டதே இல்லை. பாடிக்கொண்டிருப்பவர் பாதி வார்த்தையில் நிற்பார், டக்கென்று பொத்தான் மேலே எழும்பும், அவ்வளவுதான் ஆல்பம்.

வெள்ளைக்காரப் பாட்டு அப்படித்தான் முடியும் என்று நாங்கள் நம்பினோம். சினிமாப் பாட்டு ஒழுங்காக முடிகிறது, சாமி பாட்டு மங்களம் பாடி முடிகிறது, இவர்கள் மட்டும் வாயில் வார்த்தையை வைத்துக்கொண்டே எழுந்து போய்விடுகிறார்கள், அதுதான் ஸ்டைல் என்று பள்ளிக்கூடத்தில் மற்ற பையன்களுக்கு நான் விளக்கம்கூடக் கொடுத்திருக்கிறேன். இன்னொரு கூத்தும் உண்டு. அந்த மெட்டுகளில் பாதியைப் பர்மிய வார்த்தை போட்டு டீக்கடைகளில் ஏற்கெனவே கேட்டிருந்தோம். அதனால் நம் ஊர்ப் பாட்டைத் திருடிவிட்டார்கள் என்று வெள்ளைக்காரர்கள் மேல் எனக்குக் கடுங்கோபம். அப்பாவைத் தேடி வந்த ஒரு மாலுமியிடமே இதைச் சொல்லிச் சண்டை பிடித்தேன். அவர் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் மறக்கவில்லை.

தங்கைக்கு அப்போது பத்து வயது இருக்கும். பாட்டு பாதியில் நிற்பது அவளுக்குப் பொறுக்காது. பொத்தான் டக்கென்று எழும்பியதும் விட்ட இடத்திலிருந்து அவளே பாடி முடிப்பாள். கொஞ்சம் தமிழ், கொஞ்சம் பர்மியம், மீதி வாய்க்கு வந்தது. ராக்குக்கு ஒரு முடிவு, ப்ளூஸுக்கு அழுதுகொண்டே ஒரு முடிவு, பாட்டே இல்லாத ஜாஸுக்குக்கூட "பப்பப்பரப்பா" என்று ஒரு முடிவு. ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ஒன்று; மாற்றவே மாட்டாள். போன் வந்த பிறகு அந்த ஆல்பங்களின் உண்மையான முடிவுகளைக் கேட்டேன். ஒன்றும் பிரமாதமில்லை. எங்களுடையதே மேல்.

இப்போது அந்தத் தங்கைதான் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். முதலில் நான் கவனிக்கவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு மேஜையில் நங்கென்று வைப்பாள். டீயைக் கொண்டுவந்து வைப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். எனக்கும் மூக்கின் மேல் கோபம் வருகிற சுபாவம். போனால் போகட்டும் என்று நானும் இருந்துவிட்டேன். உண்மையில், பேச்சுக் குறைந்தது எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது. பேசினால் காது காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மின்சாரம் வந்தது. ஹெட்போன் இல்லாமல் ஸ்பீக்கரிலேயே ஒரு ராக் கேசட்டைப் போட்டேன். நாங்கள் அதிகம் தேய்த்தது அதுதான். நிமிர்ந்து பார்த்தால் தங்கை கட்டிலின் மேல் பை வைத்துத் துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலும் இஞ்சி டேப்பும் அதன் மேலே கிடந்தன.

"எங்கே கிளம்பிட்டே?" என்றேன்.

அவள் எனக்கு நேரே வந்து நின்றாள். அதனால் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"கியாக்தானுக்கு. சித்தி மக பஸ் நிறுத்தத்துக்கிட்ட தையக்கடை போட்டிருக்கா, கூட வந்து இருன்னு கூப்பிடுறா. இந்தத் தெருவுல இனி யாருக்குத் தைக்கிறது? இளசுங்க பூரா தாய்லாந்து போயிருச்சு. எல்லாத்தையும் சொல்லி மூணு தரம் கேட்டேனே அண்ணே! வாயில என்ன கொழுக்கட்டையா? ஆமான்னும் இல்ல, இல்லேன்னும் இல்ல. அந்தப் பொட்டியவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தே."

"எப்போ கேட்டே?"

"மெஷின்ல உக்காந்துதான். காதுல அப்ப ஒண்ணும் மாட்டியிருக்கல. பொய் சொல்லாதே."

மெஷின் என் இடது பக்கம். அவள் மூன்று தடவை பேசியிருக்கிறாள். மூன்று தடவையும் நான் சுவர்போல் உட்கார்ந்திருந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அவள் இல்லாத முன்னறையை நினைக்கவே பயமாக இருந்தது. ஆனாலும் போகிறவள் போகட்டும், ரகசியம் ரகசியமாகவே இருக்கட்டும் என்று ஒரு வீம்பு. அவள் திரும்பிப் போய் மெஷினில் உட்கார்ந்து, கடைசியாக ஒரு சட்டையின் காலரை மடித்து ஊசிக்குக் கொடுத்தாள்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கடைசிப் பாட்டு. கேசட் நிற்கிற இடம் வர இன்னும் ஒரு நிமிடம் இருக்கும்போது மின்சாரம் போனது. பாடியவரின் குரல் இழுபட்டுத் தடித்து நின்றுபோனது. பழக்கதோஷத்தில் தங்கையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கோபத்தில் இருக்கிறவள், பையைக் கட்டி வைத்திருக்கிறவள், தன்னை அறியாமல் பாட்டை முடித்துக்கொண்டிருந்தாள். அடி ஒன்றுகூட என் காதில் விழவில்லை.

"கேக்கல," என்றேன்.

"என்ன கேக்கல?" என்று நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"நீ பாடுறது. நீ பேசுனதும் கேக்கல. இந்தக் காது போச்சு. மத்ததும் போவப் போவுது. டாக்டரைப் பாத்துட்டேன்."

அவள் மெஷினை மிதிப்பதை நிறுத்தினாள். எழுந்து வந்து என் முகத்தைப் பிடித்துத் திருப்பி, வலது பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நல்லவேளை, அழவில்லை. அழுதிருந்தால் நானும் உடைந்திருப்பேன்.

"முட்டாள் அண்ணே," என்றாள் காதோடு. "இதச் சொல்ல இத்தன நாளா?"

"நீ போ. சித்தி மககிட்ட போய் இரு. என்னால நிக்காதே," என்றேன்.

"அதையும் நீ கேக்கலையா? நான் போறேன்னா சொன்னேன்? நீயும் வர்றியான்னுதானே மூணு தரமும் கேட்டேன்."

இரண்டு பேருக்கும் சேர்த்துக் கேட்டிருக்கிறாள். அதற்குப் பதில் சொல்லாத அண்ணனைப் பார்த்துத்தான் பையைக் கட்டியிருக்கிறாள்.

"அங்க மீ ஒழுங்கா வருமா?" என்றேன் கடைசியில்.

"இங்க மட்டும் வந்து கிழிக்குதாக்கும்."

"சரி. பாட்டை முடி முதல்ல. வர்றேன்."

வலது பக்கம் இருந்து அவள் பாடினாள். பத்து வயதில் பாடிய அதே முடிவு, அதே அர்த்தமில்லாத வார்த்தைகள். மேல் ஸ்தாயிக்குப் போகிற இடத்தில் அவள் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. வலது காதிலும் அந்த இடம் போய்விட்டது. அதை அவளிடம் சொல்லவில்லை. அங்கே என்ன வரும் என்று எனக்குத்தான் தெரியுமே. விட்ட இடத்திலிருந்து நானே மனதுக்குள் பாடி முடித்தேன்.