நீர்நாய் கேட்ட மன்னிப்பு

பிள்ளைகளே, நான் எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவன். தாமிரபரணிக் கரையில் இருக்கும் கிணற்றிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றி, விடியுமுன் தெருத் தெருவாக வால்வு திறந்து விடுவது என் வேலை. பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. அதனால் என் மகளுக்குப் படுக்கையில் சொல்லும் கதைகளைப் புத்தகத்திலிருந்து எடுப்பதில்லை, நானே கட்டுவேன். ஆற்றில் நான் பார்க்கிறவைதான் அதில் வரும். எட்டரைக்குத் தொடங்கினால் ஒன்பதுக்குள் தூங்கிவிடுவாள். நான் நாலு மணிக்கு எழ வேண்டும்.

போன வருஷம் அவள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். மலைமேல் மாஞ்சோலையில் தேயிலைத் தோட்ட வேலை நின்று, கம்பெனி வீட்டையும் காலி செய்துவிட்டுக் கீழே இறங்கி வந்த குடும்பங்களில் ஒன்று எங்களுக்கு அடுத்த தெருவில் குடியேறியிருந்தது. அந்த வீட்டுப் பெண்ணும் இவளும் ஒரே பெஞ்சு. ஒரு மாதம் வீட்டில் எந்நேரமும் அவளைப் பற்றித்தான் பேச்சு. பிறகு ஒரு திங்கட்கிழமை பேச்சே இல்லை.

"என்னட்டி, உன் கூட்டாளி எப்படி இருக்கா?"

"காய் விட்டுட்டா."

"எதுக்கு?"

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

என் பிள்ளையை அந்தப் பெண் நோகடித்துவிட்டாள் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். அன்றைக்கு ஒரு கதை கட்டினேன். ஆற்று மணல் திட்டில் ஒரு ஆமை. அதற்குக் கூட்டாளி ஒரு நீர்நாய். நீர்நாய் என்னவோ சொல்லிவிட, ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. நீர்நாய் வந்து மன்னிப்புக் கேட்டது. ஆமை உடனே வெளியே வந்தது. இரண்டும் சேர்ந்து நீந்தின. முடிந்தது, தூங்கு.

மறுநாளும் அதே கதையைக் கேட்டாள். அன்று நீர்நாய் ஒரு மீனைக் கொண்டுவந்து கொடுத்து மன்னிப்புக் கேட்டது. மூன்றாம் நாள் குட்டிக்கரணம் போட்டு ஆமையைச் சிரிக்க வைத்தது. நாலாம் நாள் ஆமைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதது. அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அந்த நீர்நாய்க்கு இருக்க புத்தி நமக்கு இல்லையே. என்னைக்காவது எங்கிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கியளா?"

"நீ ஓட்டுக்குள்ள போனாத்தானே கேக்கதுக்கு" என்றேன். மகள் சிரிக்கவில்லை.

ஐந்தாம் நாள் நான் நீர்நாயைத் தண்ணீரிலிருந்து கரைக்கு ஏற்றுவதற்குள் அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, நான் ஆமை இல்ல. நான்தான் நீர்நாய்."

கதையை நிறுத்திவிட்டு நானும் எழுந்து உட்கார்ந்தேன்.

"நானும் ஸாரி சொன்னேன். மறுநாளு கொய்யாப்பழம் கொண்டு போயி கொடுத்தேன். கரணமும் போட்டேன். இன்னைக்கு அவ பக்கத்துல உக்காந்து அழுதேன், டீச்சர் எனக்கு வயித்துவலின்னு நினைச்சுட்டாங்க. உங்க ஆமைதான் உடனே வெளிய வருது. அவ வரவே மாட்டேங்கா."

அவள் முழங்கையில் இருந்த சிராய்ப்பை அப்போதுதான் திரும்பப் பார்த்தேன். ஓடி விழுந்திருப்பாள் என்று மஞ்சள் பற்றுப் போட்டு விட்டிருந்தேன். அது கரணம் போட்ட காயம். தூங்க வைப்பதற்காக நான் அரைத் தூக்கத்தில் கட்டிய கதையை, அவள் ஒவ்வொரு காலையும் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய்ச் செய்து பார்த்திருக்கிறாள். ஒரு சொல்லைக்கூட அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு வயதுப் பிள்ளை ஒரு கதையை இப்படி நம்பும் என்று எனக்குத் தெரியாது பிள்ளைகளே.

"அப்படி என்னட்டி சொன்ன அவகிட்ட?"

"பென்சில் தரமாட்டேன்னா. அதான், உனக்கு ஊரே இல்லன்னுட்டேன்."

"இதெல்லாம் யாரு சொல்லித் தந்தா?"

"நீங்கதான். பால்கார அண்ணாச்சிகிட்ட சொன்னியள்லா."

சொல்லியிருந்தேன். "பாவம் அண்ணாச்சி, இனி அதுகளுக்கு ஊருன்னு ஒண்ணு கிடையாது" என்று மாஞ்சோலைக்காரர்களைப் பற்றிப் பால் வாங்கும்போது வாசலில் நின்று சொன்னேன். பரிதாபப்பட்டுத்தான் சொன்னேன். பக்கத்தில் இவள் நின்றது நினைவில்கூட இல்லை.

இதற்கு என்னிடம் கதை இல்லை. கொஞ்ச நேரம் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"நான் கட்டுன கதையில தப்பு இருக்குட்டி. நீர்நாய் மன்னிப்பு மட்டும் கேக்கு. சொன்னது பொய்யின்னு எங்கயும் சொல்லவே இல்ல. அவளுக்கு ஊரு இருக்கு. அப்பா தெரியாம பேசிட்டேன்."

"அந்த ஊரு எப்படி இருக்கும்?"

"தெரியாது. நான் மாஞ்சோலைக்குப் போனதே இல்ல."

அவள் யோசித்தாள். "அப்ப அவகிட்டதான் கேக்கணும்."

அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போய்வந்து இரவு படுத்ததும், "இன்னைக்கு நான் சொல்லுதேன்" என்றாள். அந்தப் பெண்ணிடம் கேட்டு வந்திருந்தாள். மலைமேல் அவள் போன பள்ளிக்கூடத்தில் மேகம் வகுப்புக்குள்ளேயே வந்துவிடுமாம். பக்கத்தில் இருக்கும் பிள்ளை தெரியாதாம். அட்டை கடித்தால் உப்பு வைக்க வேண்டுமாம். வளைவில் பஸ் ஒரே தடவையில் திரும்பாதாம். பைய பின்னால் வந்துதான் திரும்புமாம்.

"அப்ப ஒரு யானை வந்துது" என்று நான் இடையில் புகுந்தேன்.

"யானை வேண்டாம். அவ இன்னும் யானை சொல்லல்ல."

"சரி. பழம் விட்டாளா?"

"இல்ல. காய்தான். ஆனா மீதிய நாளைக்குச் சொல்லுவா."

காய் விட்டபடியே அந்தப் பெண் நாலு நாள் சொன்னாள். நாலு நாளும் எனக்கு அது இரவுக் கதையாக வந்தது. எப்போது பழம் விட்டார்கள் என்று பிறகு கேட்டேன். பழம் விடவே மறந்துபோய்விட்டார்களாம்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் தொட்டிப் பக்கம் வந்தார்கள். நான் வால்வுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துவிட்டு எழுந்து, நான் கேட்க வேண்டியதை நானும் கேட்டேன்.

"உங்க ஊரு எங்கனம்மா இருக்கு?"

அந்தப் பெண் மேற்கே கை நீட்டினாள்.

"அந்தா, மேகம் நிக்குல்லா மாமா, அதுக்குப் பின்னால. எங்க வீடு வரிசையில மூணாவது."

என் மகள் அந்த விரலுக்குப் பின்னால் கன்னத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். நானும் குனிந்து அதே இடத்திலிருந்து பார்த்தேன். மேகம் நகரும் வரை மூன்று பேரும் அப்படியே நின்றோம்.